ஷிப்பிங் அண்ணனும் இரண்டாம் பாகமும்

நேற்றுச் சாயங்காலம் ஷிப்பிங் அண்ணன் மறுபடியும் பாலூர்ப் பெருந்துறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். டீ வந்ததும் டம்ளரைத் தொடாமல் ஜன்னலைப் பார்த்தாரே, அதிலேயே தெரிந்துவிட்டது. வெளியே டையிங்கிலிருந்து வந்த ரோல்களை ஆட்டோவிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணுக்கு அது கலிங்கத் துறைமுகம். இனி மூன்று மாதத்துக்கு எங்கள் டி-ஷர்ட் ஏற்றுமதி ஆபீசில் யாரும் நிம்மதியாக ஒரு பேக்கிங் லிஸ்ட் போட முடியாது.

உங்கள் கம்பெனியிலும் இப்படி ஒருவர் இருப்பார். சில இடங்களில் அவர் கையில் 'பொன்னியின் செல்வன்' இருக்கும். அந்தக் குதிரைக் கதைக்காரர்களால் அவ்வளவு தொந்தரவு இல்லை. பெரும்பாலும் அக்கவுண்ட்ஸில் இருப்பார்கள், ஆடிப்பெருக்கு அன்றைக்கு வீராணம் ஏரியைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு வவுச்சருக்குத் திரும்பிவிடுவார்கள். ஷிப்பிங்கில் உட்கார்ந்திருக்கிறவர் கையில் சாண்டில்யனின், பாலூர்ப் பெருந்துறையில் ஆரம்பிக்கிற 'கடல் புறா' அகப்பட்டால்தான் ஆபத்து. குதிரைக்காரருக்குக் கதைக்கும் வேலைக்கும் நடுவே ஒரு சுவராவது இருக்கிறது. இவருக்கு அதுவும் இல்லை. தினமும் மேஜைக்கே கப்பல் வருகிறது.

நிஜக் கப்பலை அவர் பார்த்ததில்லை. தூத்துக்குடிக்கு ஒரே ஒரு தடவை, ஸ்டஃபிங் பார்க்கப் போனார். கண்டெய்னர் யார்டின் மதிலைப் பார்த்துவிட்டு, வழியில் மக்ரூன் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். ஆனால் கதாநாயகன் இளைய பல்லவன் அட்சயமுனையில் கட்டிய கப்பலின் மூக்கு எப்படி இருக்கும், இறக்கை எப்படி விரியும், பாய்மரம் எத்தனை என்றெல்லாம் கேட்டால், பையரின் ஸ்பெக் ஷீட்டைப் பார்த்து அளவு சொல்வதுபோலச் சொல்வார். நம் ஸ்டைலுக்கு மார்பளவு எத்தனை என்று கேட்டால்தான் ஃபைலைத் தேடுவார்.

"எத்தனையாவது தடவைங்கண்ணா?" என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது.

"எண்ணறதில்லைங்க தம்பி. தாயி மூஞ்சிய எத்தன தடவ பாத்தோம்னு எண்ணுவீங்களா?"

இந்த வாக்கியத்தை மட்டும் நான் பன்னிரண்டு தடவை கேட்டிருக்கிறேன். எண்ணியிருக்கிறேன்.

உலகத்தில் எந்தக் கடலில் எது நடந்தாலும் அது அவருக்குப் பழைய செய்தி. 2021 மார்ச் 23ஆம் தேதி 'எவர் கிவன்' என்ற 400 மீட்டர்க் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டி, ஆறு நாள் உலக வியாபாரத்தையே நிறுத்தி வைத்தது. ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தது. இவர் மட்டும் சாவகாசமாக, "அகூதா கையில சுக்கான் இருந்திருந்தா இப்படி ஆகுமாங்க?" என்றார். அகூதா யாரென்று தெரியாத புது மெர்ச்சண்டைசர் பையன், எவர் கிவன் கேப்டனின் பெயர் போலிருக்கிறது என்று நினைத்து, பையருக்குப் போகிற மெயிலில் எழுதப் பார்த்தான். அகூதா, கதையில் வருகிற சீனக் கடற்கொள்ளைக்காரன்.

2023 கடைசியில் செங்கடலில் ஹூத்திகள் கப்பல்களை அடிக்க ஆரம்பித்தார்கள். ஐரோப்பா போகிற சரக்கெல்லாம் ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்றிப் போனது. பத்துப் பதினைந்து நாள் கூடுதல், வாடகையும் எகிறியது. அன்று அவர் முகத்தில் வந்த மலர்ச்சியை அவர் மகள் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை. ஒரு மாதத்துக்கு எங்கள் டி-ஷர்ட்டுகள் எங்கே மிதக்கின்றன என்று கேட்டால் நேரடியாகப் பதில் வராது. "அமீர் என்ன பண்ணுவான் தெரியுமுங்களா?" என்றுதான் வரும். கதையில் வருகிற அமீர் பண்ணுவது இருக்கட்டும் அண்ணா, கொழும்பில் மதர் வெசல் ஏறியதா இல்லையா?

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்: "இத்தனை கப்பல் ஓடுதே, அதுல ஒருத்தராவது ஒரு பேல் துணி வித்தாங்களா? எல்லாரும் வாளைத்தான சுத்தறாங்க?" உண்மையான வியாபாரக் கப்பல் வேண்டுமென்றால் இதைப் பாருங்கள் என்று, எங்கோ படித்ததை எடுத்துவிட்டேன். சுமத்திராவில் பாரூஸ் பக்கம் லோபு துவா என்ற இடத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. காலம் 1088, முதலாம் குலோத்துங்கன் ஆட்சி, அதாவது அவருடைய இளைய பல்லவனின் காலமேதான். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் கூட்டத்தார் வெட்டி வைத்தது. துறைக்கு வருகிற மரக்கலத்தின் தலைவனும் ஆட்களும் கஸ்தூரி விலையைக் கணக்கு வைத்துப் பொன் கட்டிவிட்டுத்தான் விரித்திருக்கும் பாவாடைமேல் கால் வைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது.

வாயடைத்துப் போவார் என்று பார்த்தேன். இரண்டு நிமிஷம் அடைத்தது. பிறகு பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப டெர்மினல் ஹேண்ட்லிங் சார்ஜ் 1088லயே இருக்குதுங்." மறுநாள் ஃபார்வர்டருக்குப் போன் போட்டு, ஆயிரம் வருஷமாக எங்களை உரித்தது போதாதா என்று சண்டை பிடித்தார். ஃபார்வர்டர் பையன் என்னைக் கூப்பிட்டு, அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டான்.

இது ரத்தத்தில் வருகிற வியாதி என்பது அவர் மகன் அமெரிக்காவிலிருந்து வந்தபோதுதான் தெரிந்தது. அந்தப் பையனும் ஒரு தொடரையே திரும்பத் திரும்பப் படிக்கிறான்: நேதன் லோவெல் என்பவர் எழுதிய விண்வெளி வியாபாரக் கப்பல் கதைகள். முதல் புத்தகத்துக்குப் பெயரே 'கால் பங்கு'. கப்பலில் கடைநிலை ஆளுக்குக் கிடைக்கிற லாபப் பங்கு அது. நாயகன் சண்டை போடுவதில்லை, யாரையும் கொல்வதில்லை. கப்பல் சமையலறையில் காபி போடுகிறான். ஒவ்வொரு ஆளும் இத்தனை கிலோ சொந்தச் சரக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்று அனுமதி உண்டு. ஒரு துறையில் வாங்கி அடுத்த துறையில் விற்கிறார்கள். பையன் இதை விவரிக்க விவரிக்க அப்பா முகம் சுருங்கியது. "காபி போடற பையன் கதைங்களா? நம்ம கேண்டீன்ல ஒருத்தன் இருக்கானே." இருந்தாலும் சாயங்காலம் மகனைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாராம்: "அந்தச் சொந்தச் சரக்குக்கு பில் ஆஃப் லேடிங் யார் பேர்ல போடுவாங்க கண்ணு?"

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பிரச்சினை இரண்டாம் பாகத்தில் இருக்கிறது.

'கடல் புறா' மூன்று பாகம். அவரிடம் இருப்பது ஒன்றும் மூன்றும். இரண்டாம் பாகத்தை எந்தக் காலத்திலோ ஒரு லேபிள் சப்ளையர் இரவல் வாங்கிப்போனார். அவர் கடையை மூடிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். பாக்கியும் போச்சு, பாகமும் போச்சு. புதுசு வாங்கினால் என்ன என்று கேட்டால் தன்மானப் பிரச்சினையாகிவிடும். "எதுக்குங்க? எல்லாம் மனசுல இருக்குதில்லீங்களா?" ஆகவே ஒவ்வொரு தடவையும் முதல் பாகத்தைப் படிக்கிறார், இரண்டாம் பாகத்தைச் சொல்கிறார், மூன்றாம் பாகத்தைப் படிக்கிறார். சொல்வது பதினோரு மணி டீக்கும் ஐந்து மணி டீக்கும். கேட்பது நானும் செக்கிங் பெண்களும். சாண்டில்யன் நாயகியை வர்ணிக்கிற இடம் வந்தால் மட்டும் லேசாகச் செருமி, "இங்க ரெண்டு பக்கம் வர்ணனைங்க" என்று தாண்டிவிடுவார். மூன்றாம் பாகத்தில் அந்த மாதிரிப் பக்கங்களின் ஓரம்தான் எண்ணெய் ஏறி அதிகமாக நைந்திருக்கிறது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மனசில் இருக்கிற அந்த இரண்டாம் பாகம் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. நூல் விலை ஏறின வருஷம், இளைய பல்லவன் பாய்க்குத் துணி கிடைக்காமல் திண்டாடினான். சேலத்து வியாபாரி ஒருவன் பழைய ரேட்டுக்குத் தரமாட்டேன் என்றுவிட்டான். சூயஸ் அடைத்த வருஷம், அட்சயமுனையில் ஒரு பெரிய மரக்கலம் குறுக்கே நின்றுவிட்டது. செங்கடல் வருஷம், சோழக் கப்பல்கள் சுற்றுவழியில் போயின. நாயகி மஞ்சளழகி கரையில் பதினாலு நாள் கூடுதலாகக் காத்திருந்தாள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. அடுத்த வாரமே கடாரத்தில் ஒரு சுங்க அதிகாரி புதிதாகப் பிறந்தான். பாதியை நாங்கள் ஏற்கிறோம், பாதியை நீ ஏற்றுக்கொள் என்று அமீர் அவனிடம் நான்கு நாள் டீயளவுக்குப் பேரம் பேசினான். அதே வாரம் எங்கள் முதலாளி பையரிடம் பேசிக்கொண்டிருந்தது அச்சு அசல் அதைத்தான். என்ன, அமீர் ஜெயித்தான்.

அப்போதும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், ரோமாபுரியில்கூடக் கால்பங்குதான் வரி என்று சொல்லிவைத்தேன். முசிறியிலிருந்து எகிப்துக்குப் போன 'ஹெர்மாபொல்லோன்' என்ற கப்பலின் சரக்குக் கணக்கு ஒரு பாப்பிரஸ் தாளில் இன்றும் வியன்னாவில் இருக்கிறது. தந்தம், வாசனைப் பொருள் எல்லாம் விலையோடு. அந்தக் காலத்து ரோமப் பேரரசு கீழ்த்திசைச் சரக்குக்கு 25 சதவீதம் வாங்கியது. "பாத்தீங்களா!" என்று அவர் மேஜையைத் தட்டினார். மறுநாள் டீக்குக் கடாரத்து அதிகாரி இருபத்தைந்துக்கு இறங்கி வந்துவிட்டான். செக்கிங் பெண்கள் கை தட்டினார்கள்.

சிரித்தது போதும். ஒரு விஷயத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் ஆர்டருக்குக் கட் ஆஃப். பீஸ் ரெடி, இன்ஸ்பெக்சன் பாஸ், கார்ட்டன் எல்லாம் லாரியில். பேப்பர் போக வேண்டும், அவ்வளவுதான். ஐந்து மணி டீக்கு அகூதா வந்தான். ஐந்தே முக்காலுக்கும் அகூதா போகவில்லை. கையெழுத்துப் போடாத இன்வாய்ஸ் டம்ளருக்கு அடியில் இருந்தது. அதில் வட்டமாக டீக்கறை. ஃபீடர் கப்பல் எங்களை விட்டுவிட்டுக் கொழும்பு போய்விட்டது. 4,800 பீஸ் விமானத்தில் போனது, செலவு கம்பெனி தலையில். முதலாளி என்னைக் கூப்பிட்டுத்தான் திட்டினார். ஃபாலோ அப் பண்ண வேண்டியது மெர்ச்சண்டைசர் வேலையாம். அந்த வருஷம் எனக்கு இன்கிரிமெண்ட் இல்லை. அண்ணனுக்கு உண்டு, சீனியர். ஒரு வார்த்தை வருத்தம் சொன்னாரா? "கப்பல்னா அப்படித்தானுங்க தம்பி" என்றார். எனக்கு இன்றுவரைக்கும் ஆறவில்லை. கதை படிக்கிற மனுஷன் நல்லவனாக இருப்பான் என்று யார் சொன்னார்களோ, அவர்கள் ஷிப்பிங் டிபார்ட்மெண்டில் வேலை பார்த்ததில்லை.

பழிவாங்க ஒரு வழி கிடைத்தது. திருப்பூர் புத்தகத் திருவிழாவில் மூன்று பாகமும் சேர்த்து வாங்கினேன். தீபாவளிக்கு ஊர் காலியாகிக் கம்பெனி பூட்டிக் கிடந்த வாரத்தில் இரண்டாம் பாகத்தை எழுத்தெண்ணிப் படித்தேன். சுங்க அதிகாரி இல்லை. பேரம் இல்லை. சேலத்து வியாபாரி இல்லவே இல்லை. கம்பெனி திறந்த முதல் நாள் டீக்கே புத்தகத்தை மேஜைமேல் வைத்து, "எந்த அத்தியாயம்ங்கண்ணா, காட்டுங்க" என்றேன். செக்கிங் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள்.

கண்ணாடியை மாட்டினார். அட்டையைத் தடவினார். உள்ளடக்கத்தை ஒருமுறை ஓட்டினார். புரட்டினார், புரட்டினார். பிறகு மிகுந்த வருத்தத்தோடு புத்தகத்தை மூடினார்.

"வெட்டிட்டாங்க தம்பி. புதுப் பதிப்புல வெட்டிட்டாங்க."

பெண்கள் பக்கம் திரும்பினேன். அவர்கள் என்னைத்தான் கோபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"படிச்சிட்டுத் தர்றேனுங்க" என்று புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டார். நான்கு மாதமாகிறது. ரிஜெக்ட் ஆன சாம்பிள் பெட்டிக்கு அடியில், முட்டுக் கொடுத்தபடி, அது இருக்கிறது. பிரித்த அடையாளமே இல்லை.

நேற்று ஜன்னலிலிருந்து திரும்பினார். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. மணி ஐந்தரை. ஆறுக்கு இன்னொரு ஆர்டர் கட் ஆஃப். இன்வாய்ஸை அவர் முழங்கைக்கு அடியிலிருந்து மெல்ல உருவிக் கையெழுத்துக்கு நீட்டினேன். பேனாவை வாங்கிக்கொண்டு, போடாமல், என்னைப் பார்த்தார்.

"இந்தத் தடவ அந்தச் சுங்க அதிகாரிக்கு ஒரு தம்பி இருக்கானுங்க. அவன் அண்ணனவிட மோசம். எவ்வளவு வரி கேட்டான்னு நினைக்கிறீங்க?"

கையெழுத்துப் போடுங்கண்ணா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எவ்வளவுங்க?" என்றேன்.