திருநாளைநடப்பார்

"தினமும் அரை மணி நேரம் நடங்க" என்றார் டாக்டர். வாயால் சொன்னதோடு விடாமல், சீட்டில் இரண்டு மாத்திரைக்குக் கீழே மூன்றாவதாக எழுதியும் கொடுத்தார். முதல் இரண்டையும் அன்றைக்கே வாங்கிவிட்டேன். மூன்றாவதுதான் கடலூரில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

வீடு மஞ்சக்குப்பத்தில், வேலை சிதம்பரத்தில். நடுவில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். காலை ஏழேகால் பஸ்ஸைப் பிடித்தால்தான் நேரத்துக்குக் கையெழுத்து. இரவு வாசலில் செருப்பைக் கழற்றும்போது எட்டரை. ஊர் விட்டு ஊர் தினம் போய் வருகிற மனுஷன், நடப்பது மட்டும் வீட்டுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவே உள்ள ஒரு தெருதான்.

தில்லைக்கு "நாளைப் போவேன், நாளைப் போவேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்ததால் நந்தனாருக்குத் திருநாளைப்போவார் என்று பெயர். அவர் ஏங்கிய சிதம்பரத்துக்கு நான் தினம் டிக்கெட் எடுத்துப் போகிறேன். ஆனாலும் அந்தப் பட்டத்தில் பாதி எனக்கும் வந்துவிட்டது. வீட்டில் என் பெயர் திருநாளைநடப்பார். அவர் காலைக் கட்டியது சாதி. என் காலைக் கட்டியிருப்பது வெறும் போர்வை. பக்கத்தில் வைத்துப் பேசவே கூச்சமாக இருக்கிறது.

எங்கள் மாவட்டத்தில் நடைக்கு முன்னோடி இல்லாமலும் இல்லை. பண்ருட்டிக்குப் பக்கத்துத் திருவாமூரில் பிறந்த அப்பர், கல்லோடு கட்டிக் கடலில் போடப்பட்டும் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறியவர். உழவாரப்படையைத் தோளில் சாய்த்துக்கொண்டு தமிழ்நாடு முழுக்க நடந்தார். 81 வயது வரை இருந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. டாக்டருக்கு இது தெரிந்திருந்தால் மாத்திரைக்குப் பதில் உழவாரப்படையே எழுதிக் கொடுத்திருப்பார்.

எனக்கென்று ஒரு பஞ்சாங்கம் உண்டு. சித்திரை, வைகாசியில் கத்திரி வெயில். ஆடியில் காற்று, கண்ணில் மண். ஐப்பசி, கார்த்திகையில் மழை. புயல் சின்னம் என்றாலே எங்கள் ஊர்ப் பெயரைத்தான் டிவியில் முதலில் சொல்வார்கள். மார்கழியில் பனி, நெஞ்சில் சளி. தை பிறந்தால் வழி பிறக்கும் என்று பார்த்தால், பொங்கலுக்கு ஊரிலிருந்து விருந்தாளி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு வழியில்லாமல் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போனேன். நடப்பதற்கு ஸ்கூட்டரில் போனேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் மனைவி சொல்லிவிடுவாள். அங்கே எங்கள் தெரு பெரியவர் ஒருவர் பிடித்துக்கொண்டார். நல்ல நடைதான். ஆனால் முக்கியமான விஷயம் வந்தால் நின்றுவிடுவார்; அவரிடம் முக்கியமில்லாத விஷயமே கிடையாது. பாகப்பிரிவினை பேச்சு வந்ததும் செருப்பைக் கழற்றிப் போட்டு, கட்டைவிரலால் ஈரமணலில் மனையை வரைந்தார். இது கிழக்கெல்லை, இது பொதுக்கிணறு. அலை வந்து அவருடைய பாகத்தைக் கொண்டுபோயிற்று. "பாத்தியா, இதைத்தான் என் தம்பியும் செஞ்சான்" என்று மறுபடி முதலிலிருந்து வரைந்தார். நடை ஐந்து நிமிடம், வழக்கு ஒரு மணி நேரம். முடிவில் இருவரும் களைத்துப்போய்க் கேழ்வரகுக் கூழ் குடித்தோம்.

மகன் பார்த்தான், போனில் காலடி எண்ணும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். தினம் பத்தாயிரம். முதல் நாளே சிதம்பரத்தில் இறங்கும்போது தொள்ளாயிரம் காட்டியது. உட்கார்ந்த இடத்தில் தொள்ளாயிரமா என்று பூரித்துப்போனேன். சாலைப் பள்ளங்களில் பஸ் குதித்ததை எல்லாம் என் கணக்கில் வரவு வைத்திருக்கிறது. பத்தாயிரத்தின் கதையும் அப்படித்தான். அது வைத்தியர்கள் கண்டுபிடித்த எண் அல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த சூட்டில், 1965-இல் ஜப்பானில் ஒரு காலடிமானி விற்பனைக்கு வந்தது. அதன் பெயரே 'பத்தாயிரம் காலடி மானி'. விற்றவர் வைத்த எண்ணுக்கு உலகமே நடக்கிறது. உலக சுகாதார நிறுவனம் கேட்பது, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. நாளுக்குப் பங்கு வைத்தால் 21 நிமிடச் சொச்சம்.

அதைவிட என்னை உலுக்கியது ஒரு பஸ் ஆராய்ச்சி. 1953-இல் ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடி பஸ் ஊழியர்களைப் பற்றி எழுதினார். நாளெல்லாம் உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. ஒரே பஸ், ஒரே ரோடு, ஒரே புகை. எங்கள் கண்டக்டரிடம் "நீங்க கொடுத்து வச்சவர், ஒரு நாளைக்கு எவ்வளவு நடப்பீங்க?" என்று கேட்டேன். "நான் எங்க சார் நடக்கிறேன்? முன்னால இருக்கறவங்க பின்னாலயும், பின்னால இருக்கறவங்க முன்னாலயும் தள்ளுறாங்க" என்றார்.

அன்றைக்குச் சிதம்பரம் வண்டிகேட்டில் நெரிசல். பஸ் நகரவில்லை. பொறுமை போய் இறங்கி நடந்தேன். அலுவலகத்துக்கு இருபது நிமிடம். மறுநாள் வழக்கம்போல பஸ் நிலையம் வரை உட்கார்ந்தே போய், அலுவலகம் சேர்ந்ததும் கடிகாரத்தைப் பார்த்தேன். நடந்து போனதற்கும் இதற்கும் வித்தியாசம் எட்டு நிமிடம்! அரை மணி நேரம் இல்லை, இல்லை என்று வருஷக்கணக்காக நான் அழுத அழுகை, எட்டு நிமிடத்துக்கானது.

இப்போது வாரத்தில் ஆறு நாளும் வண்டிகேட்டில் இறங்குகிறேன். ஆறிருபது நூற்றிருபது. ஞாயிற்றுக்கிழமை பீச்சில் முப்பது. பெரியவர் வருவதற்கு முன்னால். கணக்கு சரி. மாலையில் மட்டும் நடப்பதில்லை. நிலையத்தில் ஏறினால்தான் உட்கார இடம். வண்டிகேட்டில் ஏறினால் கடலூர் வரை கம்பிதான் துணை. காலையில் நடக்கிற வழியில் ஒரு கடையில் இட்லிக்குக் கத்தரிக்காய் கொத்சு ஊற்றுகிற வாசனை வரும். வாரத்தில் ஐந்து நாள் ஜெயித்துவிடுகிறேன்.

உங்கள் ஊர் பஸ்ஸுக்கும் ஒரு வண்டிகேட் இருக்கும். நாளைக்கு அங்கே இறங்கிப் பாருங்கள். நாளைக்கு என்றா எழுதினேன்? பழக்கதோஷம். இன்றைக்கே இறங்குங்கள்.