ஒன்பது நிமிடம் பிந்தியவர்

காஞ்சிபுரத்தின் நெசவுத் தெருக்களில் காணக்கூடிய மனித வகைகளுள், சேலையைக் கையில் ஏந்திப் பார்த்தே பட்டின் எடையைச் சொல்லிவிடுபவரும், பெரிய காஞ்சி, சின்ன காஞ்சிக் கோயில்களின் பிரசாதங்களை ஒப்பிட்டு ஆண்டுதோறும் தீர்ப்பு வழங்குபவரும் ஊரறிந்தவர்கள். ஊருக்கு ஒருவர் இருந்தாலே அதிகம் என்பதால் இதுவரை எவரும் வகைப்படுத்தத் துணியாத இன்னொருவரும் உண்டு. மறைந்துபோன தென்னிந்திய ரயில்வேயை, அதாவது லண்டனில் பதிவாகித் தமிழ்நாட்டில் மீட்டர்கேஜ் வண்டிகளை நடத்திய அந்த வெள்ளைக்காரக் கம்பெனியை, வீட்டுக் கூடத்தின் சுவரோரப் பலகையில் இன்றும் நடத்திவருபவர் அவர். அவரைப் பொம்மை ரயில் ஓட்டுபவர் என்று சொல்லிவிட்டால் ஒரு வாரத்துக்குப் பேச்சு வார்த்தை நின்றுவிடும். ஏனெனில் ரயிலை ஓட்டுவது அவருடைய நோக்கமே அன்று, உரிய அனுமதி வரும்வரை அதை ஓடவிடாமல் நிறுத்திவைப்பதே அவர் பயின்ற கலை.

இந்தக் கலைக்கு அவருடைய ஊரில் நல்ல வரலாற்று ஆதாரம் உண்டு. அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு 19 மைல் நீளமுள்ள ரயில் பாதையை இந்தியன் டிராம்வே கம்பெனி 1865இல் திறந்தது. அப்போது அதன் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம், 3 அடி 6 அங்குலம். பின்னர் கர்நாடிக் ரயில்வே எனப் பெயர் மாறிய அக்கம்பெனி 1874இல் கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வேயுடன் இணைந்து தென்னிந்திய ரயில்வே ஆயிற்று; 1878இல் பாதையும் மீட்டர்கேஜாக மாற்றப்பட்டது. இவ்வளவு நீண்ட வரலாற்றில் ஒரே ஓர் ஆண்டைத் தேர்ந்து அதற்குள் குடியேறிவிடுவதே இவ்வகையினரின் முதல் இலக்கணம் என்பதால், நம்மவர் குடியேறியிருப்பது 1905இல்.

அந்த ஆண்டைத் தேர்ந்ததற்குக் காரணம் கடிகாரம். இந்தியத் திட்ட நேரம் 1906 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வருவதற்கு முன், நாடெங்கும் ரயில்கள் மதராஸ் நேரப்படியே ஓடின. அது கிரீன்விச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது, இன்றைய நேரத்துக்கோ ஏறத்தாழ 9 நிமிடம் பிந்தியது. எனவே கூடத்துக் கடிகாரம் எப்போதும் ஒன்பது நிமிடம் பிந்தியே ஓடுகிறது. அதைப் பார்த்துக் கிளம்புகிறவர் முகூர்த்தத்துக்குப் போனால் தாலி ஏறி முடிந்திருக்கும், பந்திக்குப் போனால் மட்டும் எப்படியோ சரியாக இருக்கும். வீட்டார் குறைகூறும்போது, காஞ்சிபுரத்தின் தீர்க்கரேகைப்படி சூரியன் காட்டும் நேரத்துக்கு மதராஸ் நேரம் இரண்டு நிமிடமே விலகியிருக்க, அரசாங்க நேரமோ பதினொரு நிமிடம் விலகியிருக்கிறது என்று அவர் நிறுவுகிறார். கணக்கு சரியானதே என்பதுதான் வீட்டாரின் துயரம்.

காலத்தூய்மை கடிகாரத்தோடு நிற்பதில்லை. நிலையப் பலகையில் கம்பெனி எழுதியபடி 'கான்ஜீவரம்' என்றே அவர் எழுதியிருக்கிறார். அடுத்த சந்திப்புகள் அவர் வாயில் 'ஆர்க்கோனம்', 'சிங்கிள்புட்' என்றுதான் வரும். (பட்டுக்கடைகளும் சேலைக்கு அதே பழைய பெயரையே வைத்திருப்பதால் இதை மட்டும் ஊரார் வியாபாரத் தந்திரம் என்று எடுத்துக்கொண்டனர்.) மைத்துனர் ஒருவர் பிறந்தநாளுக்கு எழும்பூர் நிலையத்தின் அழகிய அட்டை மாதிரியைச் செய்து கொடுத்தபோது, அந்தக் கட்டடம் திறக்கப்பட்டது 1908 ஜூனில் என்பதால், இன்னும் மூன்று ஆண்டுகள் பொறுக்கவேண்டும் என்று சொல்லி அதைப் பரண்மேல் வைத்தார். அவருடைய வீட்டில் 1906 பிறப்பதே இல்லை என்பதை அறியாத மைத்துனர் மூன்றாண்டு கழித்து வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இனி அளவு பற்றிய செய்தி. உண்மைப் பொருளை 87இல் ஒரு பங்காகச் சுருக்கும் அளவில் மீட்டர்கேஜ் பாதை 11.5 மில்லிமீட்டர் அகலம் இருக்கவேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 12 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர்தானே என்று பிற ஊரார் சொல்லக்கூடும். ஓர் இழை தப்பினால் கரை கோணிவிடும் என்று அறிந்த ஊரில் அப்படி எவரும் சொல்வதில்லை. பிரிட்டனில் இத்துறையின் பெரும்பாலோர் கையாளும் 'டபுள் ஓ' என்ற அளவில், வண்டிகள் அடிக்கு 4 மில்லிமீட்டர் வீதம் செய்யப்பட, தண்டவாளம் மட்டும் 16.5 மில்லிமீட்டரில் நின்றுவிட்டதால், 4 அடி எட்டரை அங்குலம் இருக்கவேண்டிய பாதை கணக்குப்படி 4 அடி ஒன்றரை அங்குலமாகிறது. இந்த ஏழு அங்குலக் குறையைப் பொறாத தூய்மைவாதிகள் 18.83 மில்லிமீட்டரில் தாமே தண்டவாளம் அமைத்துக்கொண்டு தனிப் பந்தியில் அமர்ந்துவிட்டனர். வடகலை, தென்கலை என்று நாமத்தின் வடிவத்துக்காக நெடுங்காலம் வழக்காடிய ஊரில் பிறந்தவருக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அவரை உறுத்துவது வேறு: 12 மில்லிமீட்டரை 87ஆல் பெருக்கினால் கிடைக்கும் 1044, மீட்டர்கேஜைவிட 1865இன் 3 அடி 6 அங்குலத்துக்கே நெருக்கமானது என்று விரோதி ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். அன்றுமுதல் நம்மவர் வீட்டில் பெருக்கல் பேச்சு எடுப்பதில்லை.

தூரத்தைச் சுருக்கமுடியாத சிக்கல் இதைவிடப் பெரிது. 19 மைலை 87ஆல் வகுத்தாலும் 350 மீட்டர் வரும். கூடமோ நீளவாட்டில் ஐந்து மீட்டர். அளவுக்கேற்ற வேகத்தில் வண்டி ஒரு நிமிடத்துக்குள் கூடத்தைக் கடந்து பீரோவுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. அங்கேதான் அரக்கோணம். ஆனால் கால அட்டவணைப்படி பயணம் ஒரு மணி நேரம் என்பதால், வண்டி பீரோவின் பின்னால் அசையாமல் நின்றபடி எஞ்சிய ஐம்பத்தொன்பது நிமிடமும் பயணம் செய்கிறது. புனேயில் 1998இல் திறக்கப்பட்ட ஜோஷியின் சிற்றளவு ரயில் அருங்காட்சியகத்தைப்போல வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கும் என்று நம்பிக் குழந்தைகளோடு வருவோர், காலியான தண்டவாளத்தின்முன் காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் காணலாம். வண்டி எங்கே என்று குழந்தை கேட்டால், கடிகாரத்தைப் பார்த்து, தக்கோலத்தை நெருங்கியிருக்கும் என்று பதில் வரும்.

இத்தனைக்கும் மையமாக நிற்பது 'லைன் கிளியர்' என்னும் அனுமதி. ஒற்றைப் பாதையில் இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட துண்டில் ஒரு நேரத்தில் ஒரே வண்டிதான் இருக்கலாம். அடுத்த நிலையத்தின் ஸ்டேஷன் மாஸ்டர், முந்தைய வண்டி கடைசிப் பெட்டி வரை முழுமையாக வந்துசேர்ந்தது என்று அறிவித்து, பாதை காலி என்று சொன்ன பிறகே இந்த நிலையத்துக் கைகாட்டி இறங்கவேண்டும். இதைக் கேலி செய்பவருக்கு அவர் ஆபர்மூல் விபத்தைச் சொல்வார்: வேல்ஸ் நாட்டில் 1921 ஜனவரி 26 அன்று, ஓட்டுநருக்கு வேறொரு துண்டுக்குரிய அனுமதி வில்லை தரப்பட, அதை ஒருவரும் வாசித்துப் பார்க்காததால், ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் எதிரெதிரே மோதிப் பதினேழு பேர் இறந்தனர். கதை முடிந்ததும் கேட்பவர் வாயடைத்துப்போவார். 1905இல் வாழ்பவருக்குப் பதினாறு ஆண்டு கழித்து நடக்கப்போகும் விபத்து எப்படித் தெரிந்தது என்று கேட்க எவருக்கும் தோன்றுவதில்லை.

அனுமதி கேட்க ஒருவர் இருந்தால் கொடுக்க மற்றொருவர் வேண்டும். கோர்வைச் சேலை நெய்பவர்க்கும் இதே நிலைதான்: உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக மூன்று நாடாக்களை வைத்து, ஊடையிழைகளைச் சேருமிடத்தில் ஒன்றோடொன்று கோத்து நெய்யும் அம்முறையில், ஒரு கரையின் நாடாவைத் தள்ளப் பக்கத்தில் ஓர் உதவியாள் அமரவேண்டும், பெரும்பாலும் அது வீட்டுப் பிள்ளையாகவே இருந்துவந்தது. இங்கிலாந்தில் பக்கிங்ஹாம் என்ற புகழ்பெற்ற மாதிரிப் பாதையை அமைத்த பாதிரியார் பீட்டர் டென்னிக்கும் ஒரு நிலையத்தைக் கவனிக்க மகன் கிறிஸ்பின் இருந்தான். மகன் இல்லாத வேளைக்கென்று மணியடித்து விடைசொல்லும் ஒரு பொறியையே செய்து, அதற்குத் 'தானியங்கிக் கிறிஸ்பின்' என்று பெயரிட்டார் அவர். நம்மவரின் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். பொறி செய்யும் கைத்திறனும் இல்லை. ஆகவே அரக்கோணம் ஸ்டேஷன் மாஸ்டர் பதவி, சமையலறையிலிருக்கும் மனைவிக்கு வாய்த்தது.

கம்பெனிக் காலத்தில் இங்கே தந்திதான் வழங்கியது; இருவருக்கும் தந்தி மொழி தெரியாததால், பிரிட்டிஷ் மணிக் குறியீட்டைப் பித்தளைத் தம்ளரில் கரண்டியால் தட்டுவது என்று ஒப்பந்தமாகி, 'தற்காலிக ஏற்பாடு' என்று பேரேட்டில் வெட்கத்தோடு பதியப்பட்டது. ஒரு தட்டு கவனத்துக்கு. மூன்று, இடைவெளி, ஒன்று என்றால் சாதாரணப் பயணிகள் வண்டிக்கு வழி உண்டா என்ற கேள்வி. இரண்டு, இடைவெளி, ஒன்று என்றால் வண்டி வந்துசேர்ந்தது. இரண்டே மாதத்தில் அம்மையார் இவ்விதிகளின் உட்பொருளைக் கண்டுகொண்டார். பதில் தராமல் இருக்கும் அதிகாரம் முழுவதும் எதிர் நிலையத்துக்கே உரியது. காரணம் சொல்லவேண்டிய கடமைகூட இல்லை. பால் வாங்கிவராத நாளில் அரக்கோணம் பேசாது. "ஏங்க, மின்சாரக் கட்டணம் கட்டியாச்சா?" என்ற குரல் மட்டும் அங்கிருந்து வரும், மணிக் குறியீட்டில் அதற்கு இடமில்லாவிட்டாலும் பொருள் விளங்கிவிடும்.

வைகாசிக் கருட சேவையன்று இந்நிர்வாகம் உச்சத்தை எட்டுகிறது. யாத்திரிகர் கூட்டத்துக்காகக் கூடுதல் பெட்டிகள் கோத்த சிறப்பு வண்டி காஞ்சிபுரத்தில் தயாராக நிற்கும். அதற்குமுன் சென்ற வண்டி பீரோவுக்குப் பின்னால், எட்டிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும்படி, கடைசிப் பெட்டிவரை முழுதாக நிற்கும். ஆனால் அது வந்துசேர்ந்தது என்று அறிவிக்கவேண்டிய அதிகாரி, உண்மையான வரதராஜப் பெருமாள் உண்மையான கருடன்மேல் புறப்படுவதைச் சேவிக்க விடிவதற்கு முன்பே போயிருப்பார். தன் கண்ணால் கண்டதை நம்பிக் கைகாட்டியை இறக்க விதி இடங்கொடாததால், தெருவில் குடைகளும் நாதஸ்வரமும் கடந்துபோக, நம்மவர் கூடத்தில் அமர்ந்திருப்பார். பக்கத்து வீட்டுக் குக்கர் இரண்டு முறை கூவி, சற்று நிறுத்தி, மீண்டும் ஒருமுறை கூவும்போது அவர் கை கைகாட்டிவரை போகும். பிறகு பேரேட்டைத் திறந்து, 'அடையாளம் தெரியாத நிலையத்திலிருந்து செய்தி. ஏற்கப்படவில்லை' என்று எழுதி, எதிரே நேரத்தை ஒன்பது நிமிடம் குறைத்துப் போடுவார்.