பெட்டி வேண்டுமா, டெல்லியைக் கேள்

சோனியின் வீடியோ கேம் பெட்டியான பிளேஸ்டேஷன் 5 ப்ரோ 2024 நவம்பர் 7-ல் வெளியானது. அப்போது அமெரிக்காவில் விலை சுமார் 700 டாலர். டிஸ்க் டிரைவ் தனி, நிமிர்த்தி வைக்க ஸ்டாண்டும் தனி. கல்யாணப் பந்திக்கு இலையை வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொன்னது போல.

வாங்கலாமா என்று மண்டையைக் குடைந்துகொள்ளும் வேலை மந்தாரக்குப்பத்துப் பிள்ளைகளுக்கு மிச்சம். பழுப்பு நிலக்கரி எரித்துப் பல மாநிலங்களுக்கு மின்சாரம் அனுப்பும் நெய்வேலிப் பக்கம்; கரண்டு உண்டு, பெரிய டிவி உண்டு, அப்பாவின் போனஸ் மேல் ஒரு கண்ணும் உண்டு. பெட்டிக்குள் வைஃபை 7 இருந்ததுதான் வினை. அதற்கான 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இந்தியாவில் அப்போது அனுமதியில்லை என்று சோனி இங்கே கடை விரிக்கவில்லை.

அம்மா மறுப்பதற்கு முன்பே டெல்லி முந்திக்கொண்டது!

துபாய் மாமாவிடம் சொல்லியனுப்பலாம்தான். ஆனால், ப்ரோவில் ஓடும் ஆட்டமெல்லாம் சாதா பிஎஸ் 5-லும் ஓடுகிறது.