ஆரம்ப சூரர்

ஒரே மகனை உடைய ஒரு தாய், முந்தைய போர்களில் உறவினனையும் கணவனையும் களத்துக்குக் கொடுத்துவிட்ட பிறகும், மறுபடி போர்ப்பறை கேட்டவுடன் அந்தப் பிள்ளையின் பரட்டைத் தலையில் எண்ணெய் தடவி, வெள்ளாடை உடுத்தி, கையில் வேலைக் கொடுத்து அனுப்பிவைத்த காட்சியைப் புறநானூற்றின் 279-ஆம் பாட்டில் நிறுத்திய ஒக்கூர் மாசாத்தியார் எங்கள் ஊரைச் சேர்ந்தவர் என்பதில், சிவகங்கைச் சீமையின் ஒக்கூர்வாசிகளாகிய எங்களுக்கு மாற்று அபிப்பிராயமே கிடையாது. அத்தகைய ஊரில் இன்றைக்கு நாள் தவறாமல் யுத்தம் செய்கிறவர் ஒருவர்தான் மிஞ்சியிருக்கிறார். அவரையும் வீட்டில் அப்பத்தா தலையில் எண்ணெய் தடவித்தான் அனுப்புகிறார். ஆனால் அவர் போவது மாடியறை வரைக்கும்.

வயது முப்பத்தைந்துக்கு மேல் சொல்ல முடியாது. சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் உத்தியோகம். 2020-ஆம் வருஷத்து ஊரடங்கின்போது வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தவர், அதன்பிறகு கம்பெனி சொன்ன மற்ற வார்த்தைகளுக்கு அத்தனை முக்கியத்துவம் கொடுத்ததாகத் தெரியவில்லை. பர்மாத் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையுமாக, கொண்டுவிற்கப் போன முன்னோர்கள் கட்டிவைத்த வீடு. வெயிலையும் திருடரையும் உத்தேசித்து எழுப்பிய சுவர்களாதலால், முகப்பில் இருக்கும் வைஃபை வளவைத் தாண்டுவதில்லை. ஆகவே நீல நிறக் கேபிள் ஒன்று முகப்பிலிருந்து புறப்பட்டு, வளவுத் தூண்களை ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறது. அந்தக் கேபிளில் அப்பத்தா ஈரத் துண்டைக் காயப்போட்ட ஒரு நாள் பெரிய யுத்தமொன்று பாதியில் நின்றுபோயிற்று என்பது அந்த வீட்டில் இன்னும் தீராத வியாஜ்யம்.

புதிதாக ஓர் ஆக்‌ஷன் கேம் உலகத்தின் எந்த மூலையில் வெளிவந்தாலும் அதை இறக்கிக்கொள்வதும், மறுநாள் சாயங்காலம் முகப்புத் திண்ணைக்கு வந்து அதன் குணதோஷங்களைச் சபையோருக்கு எடுத்துரைப்பதும் அவருடைய நித்திய கர்மம். சபை பெரிதல்ல: அப்பத்தா, ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார் ஒருவர், நான், பால்காரர் சற்று நின்றால் அவரும். எங்களில் எவரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. கேட்காமல் கொடுப்பதுதானே கொடை!

அந்தச் சமயத்தில் அவர் கைகளைக் கவனிக்க வேண்டும். கண்ட்ரோலர் மாடியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். ஆனாலும் இரண்டு கைகளும் மடியில் அதைப் பிடித்த பாவனையிலேயே குவிந்திருக்கும். எதிரி ஓங்கினான் என்று வாய் சொல்லுமுன்பே இடது பெருவிரல் ஒரு பக்கம் சாய்ந்து, வலது பெருவிரல் ஒரு தட்டுத் தட்டி, தோளும் கூடவே வளைந்துவிடும். அப்பத்தா தண்ணீர்ச் சொம்பைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்வார். “கிராஃபிக்ஸ் வேற லெவல், காம்பாட்ல ஒரு வெயிட் இருக்கு, ஆனா ஆப்டிமைசேஷன் பத்தலை” என்ற மூன்று வாக்கியங்களும் எல்லா ஆட்டத்துக்கும் பொதுவான பூர்வாங்கம். முதலில் புல்லைப் புகழ்வார், பிறகு தண்ணீரை, பிறகு நிழலை. யுத்தம் கடைசியில்தான் வரும். தோல்வி நேர்ந்திருந்தால் அதற்குக் காரணம் ஹிட்பாக்ஸாக இருக்கும், அல்லது கண்ட்ரோலரின் டிரிஃப்டாக இருக்கும், அல்லது மேற்படி ஈரத் துண்டாக இருக்கும். வீரர் மட்டும் காரணமாக இருந்ததில்லை.

ஒவ்வொன்றும் மூவாயிரம், மூவாயிரத்தைந்நூறு என்று விற்கும் ஆட்டங்களை இப்படிச் சரமாரியாக வாங்கக் கட்டுபடியாகுமா என்று நாங்கள் வியந்ததுண்டு. அந்த ரகசியத்தை ஒரு நாள் அவரே பெருமையோடு அவிழ்த்தார். ஸ்டீம் என்ற கடையில் வாங்கிய ஆட்டத்தை, வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கு மேல் ஆடாதிருந்தால், திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். 2015-ஆம் வருஷம் முதல் அக்கடையின் விதி இது. ஆட்டம் பிடிக்காமற்போனவனும், கம்ப்யூட்டர் தாங்காமற்போனவனும் நஷ்டப்படக் கூடாதென்று வைத்த சலுகை. இதையே தொழிலாக்கிக்கொள்வோருக்குச் சலுகை நிறுத்தப்படலாம் என்ற எச்சரிக்கையும் அங்கேயே எழுதியிருக்கிறது. நம்மவர் இடையிடையே ஒரு மலிவு ஆட்டத்தைத் திருப்பாமல் வைத்துக்கொண்டு கடைக்காரர் மனத்தையும் குளிரவைப்பார். ஆக, உலகத்திலுள்ள ஆக்‌ஷன் கேம்கள் அனைத்தின் முதல் இரண்டு மணி நேரத்துக்கும் அவர் மகாபண்டிதர். மூன்றாவது மணி நேரத்தில் நடப்பதைப் பற்றி அவருக்குத் தெரிந்ததும் பால்காரருக்குத் தெரிந்ததும் ஒரே அளவு. முன்னுரையையும் பின்னட்டையையும் பார்த்துவிட்டு மதிப்புரை எழுதுவோர் மலிந்த நாட்டில் இதை ஒரு குற்றமென்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

2022 பிப்ரவரியில் ஜப்பானிலிருந்து வந்த எல்டன் ரிங்கை எடுத்துக்கொள்ளலாம். அதில் ஆட்டம் தொடங்குமுன் நாயகனுக்கு முகம் அமைத்துக்கொள்ள வேண்டும். தாடை, நெற்றி, மூக்குத் தண்டு, இமை எல்லாவற்றையும் கூட்டவும் குறைக்கவும் வழி செய்திருக்கிறார்கள். நம்மவர், ஜாதகம் பொருந்திய பிறகும் மாப்பிள்ளையிடம் குறை தேடும் பெண்வீட்டாரைப் போல, ஒன்றேகால் மணி நேரம் அந்த முகத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். பிறகு கதவைத் திறந்து வெளியே வந்தார். பல கைகளை ஒட்டவைத்த ஒரு பிராணி பாய்ந்து, அம்முகத்தை ஏறிட்டுக்கூடப் பாராமல் அவரைக் கொன்றுபோட்டது. அந்த இடத்தில் அநேகமாக எல்லோரும் சாகும்படிதான் ஆட்டத்தை அமைத்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. உயிர் பெற்று வெளியே வந்தால் பொற்கவசம் பூண்ட குதிரைவீரன் ஒருவன் உலவுகிறான். ஆரம்பத்தில் அவனைக் கண்டு ஒதுங்கிப் போகவேண்டும் என்ற விவேகத்தைக் கற்பிக்கவே, ஆட்டத்தைப் படைத்த மியாசாகி அவனை அங்கே நிறுத்தியிருப்பதாகச் சொல்கிறார்கள். நம்மவர் விவேகத்துக்காகவா காசு கொடுத்தார்? நேரே போனார், மீதமிருந்த நேரம் அந்தக் குதிரையின் குளம்படியிலேயே கழிந்தது. “முகம் நல்லா அமையுது, சார். ஆயுசுதான் அமையலை” என்பது மறுநாள் திண்ணையில் வெளியான தீர்ப்பு.

1274-ஆம் வருஷம் மங்கோலியப் படை சுஷிமா தீவில் இறங்கிய சரித்திரத்தை வைத்துச் செய்த கோஸ்ட் ஆஃப் சுஷிமாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அதில் வழி காட்டுவது காற்று. போகவேண்டிய திசையில் புல் சாயும். அதை அவர் வர்ணிக்கத் தொடங்கினாரோ இல்லையோ, “1274-லே இங்க மதுரையிலே மாறவர்மன் குலசேகர பாண்டியன்” என்று சரித்திர வாத்தியார் பிடித்துக்கொண்டுவிட்டார். அன்றைக்கு இரண்டு மணி நேரமும் பாண்டியர் வசமாயிற்று.

2024 ஆகஸ்டில் சீனத்திலிருந்து வந்து, மூன்றே நாளில் ஒரு கோடிப் பிரதிகள் விற்ற பிளாக் மித்: வுகாங் வந்தபோதுதான் திண்ணை உண்மையிலேயே களைகட்டிற்று. 130 ஜிபி, இறக்கி முடிக்க இரண்டு ராத்திரி ஆயிற்று. கதாநாயகர் தண்டாயுதம் ஏந்திய வானரர் என்று கேட்டதும் அப்பத்தா நிமிர்ந்து உட்கார்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். “ஆஞ்சநேயர் இல்லை அப்பத்தா, இது சீனாக் குரங்கு” என்று பேரன் சொன்னது அவருக்கு ரசிக்கவில்லை. வாத்தியார் துணைக்கு வந்தார். அந்த ஆட்டத்துக்கு மூலமான பழைய சீன நவீனம், யுவான் சுவாங் என்ற பிக்ஷு பௌத்த நூல்களைத் தேடி நம் தேசத்துக்கு வந்த யாத்திரையின் கற்பனைப் பெருக்கம். அந்த யுவான் சுவாங் ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிபுரம் வரைக்கும் வந்தவர். அவ்வானரம் அனுமனின் சாயலாக இருக்கலாம் என்று ஹூ ஷி என்ற சீன அறிஞரே கருதியிருக்கிறார் என்றெல்லாம் அவர் விளக்கிய பிறகுதான் அப்பத்தா சமாதானமானார்.

ஆரம்பத்தில் மேகமண்டலத்தில் நடக்கும் தேவயுத்தத்தை நம்மவர் நின்றுகொண்டே அபிநயித்துக் காட்டினார். மூலையில் கிடந்த ஒட்டடைக்கம்பு தண்டாயுதமாயிற்று. தூணில் மாட்டியிருந்த காலண்டர் ஒன்று அதில் அடிபட்டது. அதன்பின் காட்டுவழியில் பூசணிக்காய் அளவு அல்ல, அண்டா அளவுக்குத் தலை பெருத்த பேய் ஒன்று எதிர்ப்பட்டதாம். அது தலையாலேயே முட்டும். முட்டி, முட்டி, நம்மவருடைய பாக்கி நேரம் முழுவதையும் அதுவே வாங்கிக்கொண்டது. அத்துடன், ஆட்டம் முதன்முதலில் திறக்கும்போது ஷேடர் கம்பைல் என்று சொல்லி அசையாமல் நின்ற நிமிஷங்களையும் கடைக்காரர் ஆடிய கணக்கில் சேர்த்துவிட்டார் என்ற மனத்தாங்கலை அவர் சொன்ன தொனியில், வட்டிக் கணக்குப் பார்த்த அவர் பாட்டனாரின் குரல் அப்படியே கேட்டது.

அவருடைய இந்தச் சுபாவத்துக்கு மூலகாரணம் அவருடைய பால்யம் என்று நான் நினைக்கிறேன். 1987-இல் கொனாமி கம்பெனி செய்த காண்ட்ராவை, தொலைக்காட்சிப் பெட்டியில் செருகும் காசெட்டில் ஆடிப் பழகிய தலைமுறை அது. உயிரெல்லாம் தீர்ந்துபோனால் மறுபடி முதலிலிருந்து. மின்சாரம் போனாலும் முதலிலிருந்து. எங்கள் பக்கத்தில் அக்காலத்தில் மின்சாரம் போகாத சாயங்காலம் ஏது? பிறகு காரைக்குடி பிரவுசிங் சென்டரில் அரைமணி நேரத்துக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்து வைஸ் சிட்டி ஆடிய நாட்கள். முந்தின வாரம் சேமித்துவைத்த ஆட்டத்தின்மேல் எவனாவது தன் ஆட்டத்தைச் சேமித்திருப்பான், மறுபடியும் முதலிலிருந்துதான். கடைசியில் பப்ஜியில் கொஞ்சம் ஊன்றிவரும் சமயத்தில், 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி சர்க்கார் அதைத் தடை செய்துவிட்டது. ஒரு மனிதரை இத்தனை தரம் வாசற்படியிலேயே நிறுத்திவைத்தால் அவர் வாசற்படியின் ரசிகராகத்தான் ஆவார்.

இவ்வளவுக்கும் விலக்காக அமைந்தது காட் ஆஃப் வார் என்ற ஆட்டம் ஒன்றுதான். 2018-இல் பிளேஸ்டேஷனுக்கும், 2022 ஜனவரியில் கம்ப்யூட்டருக்கும் வந்த அதை, நம்மவர் போன வருஷத்துத் தள்ளுபடியில் வாங்கினார். கிராடோஸ் என்ற கிரேக்க யுத்ததேவன் வடதேசத்துப் பனிக்காட்டில் குடியேறியிருக்கிறான். மனைவி இறந்துபோகிறாள். மரம் வெட்டி, ஆற்றில் படகில் கொண்டுவந்து, சிதை அடுக்கி எரித்து, அஸ்தியை ஒரு பையிலிட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு, எல்லா உலகங்களிலும் உயர்ந்த சிகரத்திலிருந்து அதைத் தூவவேண்டும் என்ற அவளுடைய கடைசி ஆசையை நிறைவேற்றச் சின்ன மகனோடு புறப்படுகிறான். அவன் கையிலுள்ள கோடரி, வீசினால் போய்த் தாக்கிவிட்டு, கூப்பிட்டால் கைக்குத் திரும்பி வருகிறது என்று சொன்னதும் வாத்தியார் விடவில்லை: “நம்ம வளரிதானேப்பா அது! சின்ன மருது தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கத்துக்கொடுத்ததை வெல்ஷ் துரையே 1830-லே அச்சுப் போட்டிருக்கான்.” எறிந்த வளரி திரும்பி வருமா என்பதில் ஆராய்ச்சியாளர்க்குள் அபிப்பிராய பேதம் உண்டு, எறிந்த பணம் திரும்பி வருவதில் நம்மவருக்குப் பேதமில்லை. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆடியாயிற்று, நாளைக்குத் திருப்பிவிடப் போவதாகச் சொன்னார்.

“எல்லாம் சரிப்பா, அந்த அஸ்தி?” என்றார் அப்பத்தா.

“அதுக்கு இன்னும் ரொம்ப தூரம் போகணும் அப்பத்தா. நான் ரிட்டர்ன் போட்டுருவேன்.”

“என்னது? கட்டையில வச்சு எரிச்சுப்புட்டு, அஸ்தியை இடுப்புல கட்டிக்கிட்டு நடுக்காட்டுல நிக்கிறவனை அப்பிடியே விட்டுட்டு வரப்போறியா? கூட ஒரு சின்னப்பிள்ளை வேற.”

“அவுக சாமி அப்பத்தா.”

“சாமி வீட்டுல செத்தா பதினாறு கிடையாதா?”

கடை விதித்த கெடு பதினாலு. அப்பத்தா விதித்த கெடு பதினாறு. தினந்தோறும் காப்பியுடன் இந்தக் கேள்வியும் மாடிக்கு வந்துகொண்டிருந்தது. பேரன் பதில் சொல்லத் தெரியாமல் திருப்புவதைத் தள்ளிப்போட்டார். கெடு முடியும் தறுவாயில் ஒரு நாள், மிச்சமிருந்த சில நிமிஷங்களையும் ஆடித் தீர்த்துவிட்டுத் திருப்பிவிடுவது என்ற தீர்மானத்தோடு உட்கார்ந்தார். கீழேயிருந்து, “ராசா, பணியாரம் ஆறுது” என்று குரல் வந்தது. வெள்ளைப் பணியாரம், பக்கத்தில் வரமிளகாய்ச் சட்னி. ஒன்று முடியுமுன் ஒன்று இலையில் விழுந்தது. அப்புறம் மதகுபட்டியில் யாரோ ஒரு பெண் இருப்பதாகவும், பி.இ. படித்திருப்பதாகவும் பேச்சு வளர்ந்தது. கை கழுவி மாடிக்கு வந்து பார்த்தால், கிராடோஸ் தோளில் பனி படிய மூச்சு விட்டுக்கொண்டு அதே இடத்தில் நிற்கிறான். ஆடிய நேரம் 2 மணி 40 நிமிஷத்தைத் தாண்டியிருந்தது. அப்பத்தாவுக்குக் கடையின் விதி தெரியாது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். திண்ணையில் அதை விளக்கியபோது அவர் அரைத் தூக்கத்தில் இருந்ததாகத்தான் நாங்கள் நினைத்திருந்தோம்.

பணம் போன பிறகு ஆடாமல் விடுவது குல தர்மத்துக்கு விரோதமல்லவா? மூன்றாவது மணி நேரத்தில் பிரவேசித்தார். அதன்பின் சில வாரங்கள் திண்ணையில் அவரைக் காணவில்லை. கடைசியில் ஒரு சாயங்காலம், கண்கள் சிவந்து, தாடி வளர்ந்து, கிராடோஸின் சாயலிலேயே இறங்கி வந்து, “முடிச்சிட்டேன்” என்றார்.

“எப்படி இருக்கிறது?” என்று முதல்தடவையாக நானே கேட்டேன்.

“முதல் ரெண்டு மணி நேரம் அருமை, சார். மிச்சத்தைச் சொன்னா ஸ்பாய்லர்; நீங்களே ஆடிப் பாருங்க.”

என்னிடம் கம்ப்யூட்டர் கிடையாது என்பது அவருக்குத் தெரியும். அப்பத்தா மட்டும் விடுவதாக இல்லை. “அஸ்தியைக் கரைச்சாச்சா?” என்றார்.

“ஆச்சு அப்பத்தா. அப்பனும் மகனும் உச்சிக்குப் போய், பையைத் திறந்து, கையால எடுத்துக் காத்துல தூவிட்டாங்க.”

“காத்துலயா? தண்ணி?”

“மலை உச்சியில ஏது அப்பத்தா தண்ணி?”

“அப்ப வீட்டுப் பக்கத்துலயே ஆறு ஓடுச்சுன்னியேடா, மரத்தைப் படகுல கொண்டாந்தான்னு! அதுல கரைச்சிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமே. ராமேசுவரம் வேணாம், ஒரு ஊருணி கூடவா கிடைக்கலை? இதுக்கா நீ இத்தனை ராத்திரி கண்ணு முழிச்சே? கொண்டுபோயி அந்தக் கடைக்காரன்கிட்டயே குடுத்துட்டுக் காசைக் கேளு.”