எலியாகத்தான் இருக்கும்

பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம். சிரிக்காதீர்கள். அந்தப் பூனையின் கொள்கையை நம்பி வீடியோ கேம்காரர்கள் ஒரு தொழிலே நடத்தியிருக்கிறார்கள்.

1981இல் சைலஸ் வார்னர் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதிய 'காசில் வுல்ஃபன்ஸ்டைன்' கேமில் நாஜிக் கோட்டைக்குள் பதுங்கிப் பதுங்கிப் போகலாம். ஆனால் பதுங்க இருட்டு கிடையாது. 1987இல் ஜப்பானில் ஹிடியோ கோஜிமாவிடம் போர் விளையாட்டு ஒன்று கேட்டார்கள். எம்எஸ்எக்ஸ்2 கணினிக்கோ நாலு ஆளும் நாலு குண்டும் திரையில் சேர்ந்தாலே மூச்சு வாங்கும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? சண்டை போட வக்கில்லாத மனுஷனை ஒளிந்துகொள்ளச் சொல்லிவிட்டார் கோஜிமா. 'மெட்டல் கியர்' பிறந்தது.

இருட்டுக்கு நிஜமான விலை வந்தது 1998இல்தான். மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் இருந்த லுக்கிங் கிளாஸ் ஸ்டுடியோஸ், ஆர்தர் மன்னர் கதையைத் தலைகீழாக்கக் கிளம்பி, வழிமாறி ஒரு திருடனிடம் வந்து சேர்ந்தது. கேம் பெயர் 'தீஃப்', திருடன் பெயர் காரெட். திரையின் அடியில் ஒரு மணிக்கல். வெளிச்சத்தில் நின்றால் மினுங்கும், நிழலுக்குள் போனால் கருக்கும்.

சூட்சுமம் இதுதான். காரெட் நிற்கும் இடத்தில் எவ்வளவு வெளிச்சம் என்று எந்திரம் ஒரு எண் போடும். ஓடினால் எண் ஏறும், குனிந்தால் இறங்கும். காவலாளி அந்தக் கணக்கைக் கேட்டுவிட்டுத்தான் உங்களைப் 'பார்ப்பான்'. எண் குறைவா? மூக்குக்கு முன்னால் நின்றாலும் நீங்கள் இல்லை. ஏதோ சத்தம் கேட்டதே, எலியாகத்தான் இருக்கும் என்று முனகிக்கொண்டு நடையைக் கட்டுவான். தண்ணீர் அம்பு விட்டுத் தீப்பந்தத்தை அணைக்கலாம். கண்ணெதிரே புஸ்ஸென்று அணைந்தாலும் அசையமாட்டான். பந்தம் ஏற்றுவதற்கு அவனுக்குச் சம்பளம் பேசவில்லை போலும்.

காது மட்டும் பாம்புக் காது. கம்பளத்தில் பூனையாக நடக்கிற காரெட், பளிங்குத் தரையில் கால் வைத்தால் மாட்டுவண்டி.

2000இல் வந்த இரண்டாம் பாகத்தில் மின்விளக்கை அதிகமாக்கிவிட்டார்கள். அதைத் தண்ணீர் அம்பு ஒன்றும் செய்யாது. கேம் வெளிவந்தது மார்ச்சில். மே மாதம் கம்பெனியிலேயே விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

2002இல் மாண்ட்ரியாலின் யுபிசாஃப்டிலிருந்து 'ஸ்பிளிண்டர் செல்' வந்தது. நிழல்கள் இப்போது சுவரில் ஒட்டிக் கிடக்காமல் ஆளோடு நடந்தன. நாயகன் சாம் ஃபிஷர் பல்புகளைச் சுட்டுச் சுட்டு ஊரையே இருட்டாக்குவார். தப்பித் தவறி ஒரு கீற்று மேலே படாமல் ஓரம் ஓரமாக ஊர்வார். இவ்வளவும் செய்துவிட்டு, இரவுக் கண்ணாடி என்ற பெயரில் நெற்றியில் மூன்று பச்சை விளக்கு எரியவிட்டிருப்பார்! பக்கத்தில் நிற்கிற காவலாளி ஒருவனும் கேட்கவில்லை. மின்மினி என்று நினைத்திருப்பான். எலி அவ்வளவு உயரம் இருக்காதே.