ஆவுளியாவுக்கு விடுதலை

கேள்வி: ஏர்வாடிப் பக்கம் மீன்பாடே இல்லாத நாளில், வலையில் ஆவுளியா வந்து சிக்கினால் மீனவர் என்ன செய்வார்?

பதில்: வலையை அறுத்து விடுவார், மனசுக்குள் கொஞ்சம் திட்டவும் செய்வார். திட்டுவதை 1972 வனவிலங்குச் சட்டம் தடுக்கவில்லை! ஆவுளியா என்கிற கடற்பசு மீனல்ல, பாலூட்டி. மேலே வந்து மூச்சுவிட முடியாவிட்டால் வலைக்குள்ளேயே செத்துப்போகும். ஒருகாலத்தில் கறியாகக் கரையேறிய ஜீவன்தான். இன்று விடுவிக்கும் மீனவருக்கு வனத்துறை வெகுமதி தருகிறது. 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகவே அரசு அறிவித்துவிட்டது. வெறுங்கையோடு திரும்பினாலும் டீக்கடையில் அன்றைக்கு அவர்தான் ராஜா. மூன்று மீட்டர் ஆவுளியா, ஒவ்வொரு டீக்கும் ஓரடி வளரும்!