தவணை ஏறாவிட்டால் நிம்மதியா?

கே: 80 லட்ச ரூபாய் ஃபிளாட்டுக்கு 64 லட்சத்துக்கு மேல் தர முடியாது என்கிறது வங்கி. என் சம்பளம் தாங்குமே! – வாசகர், கோவை

ப: சம்பளம் தாங்கலாம், விதி இடம் கொடுக்காது. 30 லட்சம் வரையான கடன் என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. இது ரிசர்வ் வங்கி வகுத்தது. மீதிக்குத் தனிநபர் கடன் வாங்கி ஒப்பேற்றாதீர்கள். நாளை வீட்டு விலை இறங்கினால், நீங்கள் போட்ட அந்த 16 லட்சம்தான் உங்களைக் காப்பாற்றும்.

கே: 2022-இல் எல்லோருக்கும் இஎம்ஐ ஏறியது. எனக்கு மட்டும் ஏறவில்லை. அதிர்ஷ்டம்தானே? – வாசகி, மதுரை

ப: இல்லை. தவணைக்குப் பதில் வருடம் ஏறியிருக்கும். கடன் ஸ்டேட்மென்ட்டை இன்றே வாங்கிப் பாருங்கள். 30 லட்சம், 20 வருடம், 7 சதவீத வட்டி என்றால் இஎம்ஐ 23,259 ரூபாய். முதல் மாதம் அதில் வட்டிக்குப் போவது 17,500; அசலில் கழிவது 5,759 மட்டுமே. 2022 மே தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனது. அந்த இரண்டரை சதவீதமும் உங்கள் தலையில் விழுந்தால், 30 லட்சத்துக்கு மாத வட்டியே 23,750. கட்டுகிற பணம் வட்டிக்கே போதாமல், அசல் வளர ஆரம்பிக்கும்! அறுபது வயதில் முடிய வேண்டிய கடன் எழுபதைத் தாண்டி ஓடுவதைக் கடன் வாங்கியவருக்கே சொல்லாமல் விடுவது அநியாயம். அதனால்தான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தலையிட்டது. தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும். அசல் வளரும்படி நீட்டவே கூடாது. உங்களைக் கேட்கவில்லையா? எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

கே: முன்கூட்டியே கட்டினால் அபராதம் உண்டா? – வாசகர், திருச்சி

ப: தனிநபர் வாங்கிய, மாறும் வட்டி வீட்டுக் கடனுக்குக் கிடையாது. ‘தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்’ என்று சொல்லிக் கட்டுங்கள்.

கே: கடன் முடிந்தது. பத்திரம் வரவில்லையே? – வாசகர், சேலம்

ப: கடன் கொடுத்தவர்களுக்கு 30 நாள் கெடு. அதற்கு மேல் தாமதம் அவர்களால் என்றால், நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.

கே: 2008-இல் அமெரிக்க வங்கிகள் சரிந்தபோது நாம் எப்படித் தப்பித்தோம்? – வாசகி, சென்னை

ப: அங்கே வருமானச் சான்றுகூடப் பார்க்காமல் கொடுத்த கடன்களைக் கட்டிப் பத்திரமாக்கி விற்றார்கள். கொடுத்தவருக்கு வசூல் கவலையே இல்லை. இங்கே ஒய்.வி. ரெட்டி ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்தபோது, 2004-லேயே வீட்டுக் கடனின் இடர் மதிப்பு 50-லிருந்து 75 சதவீதமானது. அதாவது, அதே கடனுக்கு வங்கி ஒன்றரை மடங்கு மூலதனம் வைத்திருக்க வேண்டும். வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை என்று அவரைத் திட்டியவர்கள் உண்டு. எனக்கு அவர் மேல் மிகுந்த மரியாதை.

ஆனால் வீட்டுக் கடன் நிறுவனங்கள் அப்போது அவர் கையில் இல்லை. அவை ரிசர்வ் வங்கியின் கீழ் வந்ததே 2019 ஆகஸ்டில். அதே ஆண்டு நவம்பரில் டி.எச்.எஃப்.எல். என்ற வீட்டுக் கடன் நிறுவனத்தின் நிர்வாகக் குழுவைக் கலைக்க வேண்டி வந்தது. அங்கே டெபாசிட் போட்ட பலருக்கு முழுப் பணம் திரும்பவில்லை. வங்கி டெபாசிட்டுக்கு உள்ள 5 லட்ச ரூபாய் காப்பீடு, இப்படிப்பட்ட நிறுவனங்களில் போடும் பணத்துக்கு இன்றும் கிடையாது.